கீழே இன்னும் இருக்கிறது

ஏப்ரல் பிறந்தும் ஏரி உடையவில்லை.
பள்ளி நடைவழியில் முப்பது ஜோடி பனிபூட்ஸ்,
ஒன்றிலிருந்து வடிந்த நீர் மற்றொன்றுக்குள்.
சுப்பீரியர் ஏரியின் தென்கரையில்,
செம்புச் சுரங்கம் மூடி ஐம்பது வருடமான ஊரில்,
கணினி அறைக்கு நான் துணையாள்.
மணிக்குப் பதினாலு டாலர்.
மடிக்கணினிகளுக்கு சார்ஜ் ஏற்றுவேன்.
எழுத்துகளுக்கிடையே சிக்கிய பிஸ்கட் துகளைப்
பல்குச்சியால் கிளறி எடுப்பேன்.

ஜனவரியிலிருந்து ஒத்திகை.
பாடம் சொல்லித்தர நீமி டீச்சர் இருக்கிறார்.
என் பங்கு விரல்களோடு முடிந்தது:
இதை இழு, அங்கே விடு,
சந்தேகமா, கொடி ஒன்று நட்டுவிட்டு மேலே போ,
இருபது நிமிடம் சும்மா இருந்தால்
வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடும்.

ரெய்னோ ஹெய்க்கினென்
அப்பாவின் மரப்பட்டறையில்
எட்டில் மூன்று அங்குலத்தைக் கண்ணாலேயே அளப்பவன்.
திரையின் எண்கோட்டிலோ அவன் பின்னம்
சரியான இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால்
கைநழுவி விழுந்துவிடும்.
"வழுக்குது" என்றான்.
வாசல் பனியில் எப்படி நடப்பாய், அப்படி, என்றேன்.
பிப்ரவரி கடைசியில்
பின்னம் நின்றது.
அவன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

கைசாவுக்குக் கணக்கு ஒரு பொருட்டில்லை.
கதைதான்.
திரையின் அடிவிளிம்பு வந்ததும்
கதை முடிந்ததென்று எண்ணிக்கொள்வாள்.
வலது ஓரத்துச் சாம்பல் பட்டை
அவளுக்குச் சுவரில் விழுந்த ஒரு கீறல்.
"கீழே இன்னும் இருக்கிறது, கைசா."
"இருக்கா?" என்பாள்,
நான்தான் கொண்டுபோய் ஒளித்து வைத்ததுபோல.
ஒரு மணி நேரத்தில் நான்கு முறை.
மதியம் சூப் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டி
"கீழே இன்னும் இருக்கு" என்று
என்னைப் போலவே பேசிச் சிரிப்பாள்.
அப்போதெல்லாம் நினைத்தேன்,
பிடித்துக்கொண்டுவிட்டாள் என்று.

தேர்வன்று காலை
மூன்று தாள்களில் கையெழுத்திட்டேன்.
உதவ மாட்டேன். சாடை காட்ட மாட்டேன்.
திரையில் கண்டதை எவரிடமும் எப்போதும் பேச மாட்டேன்.
குழந்தை கேட்டால் சொல்ல
ஒரே ஒரு வாக்கியம் தந்திருந்தார்கள்:
"உன்னால் முடிந்தவரை செய்."

வரிசைகளுக்கிடையே நடந்தேன்.
பொத்தான்களின் தட்டொலி, மூக்குறிஞ்சல்,
ரேடியேட்டரில் ஏதோ இருமுவது.
கைசாவின் முதுகுக்குப் பின்னால் வந்தபோது
ஒருவன் தன் நாயோடு உறைந்த ஏரியைக் கடக்கிறான்.
பனிக்கட்டி விரிகிறது.
நாய் உள்ளே போகிறது.
கறுத்த நீர்மேல் அவன் தொப்பி மட்டும்.
அங்கே அடிவிளிம்பு.

பட்டை உச்சியிலேயே இருந்தது,
யாரும் தொடாத மாடிப்படிபோல.
நான் கைகளை முதுகில் கட்டிக்கொண்டேன்.
இருமல் வந்தது, விழுங்கினேன்;
அதையும் சாடை என்பார்கள்.

அவள் கையைத் தூக்கினாள்.
ஓடினேன் என்றே சொல்லலாம்.
"பாத்ரூம் போகலாமா?"

திரும்பி வந்து உட்கார்ந்தாள்,
பின்னலின் நுனியை ஒருமுறை கடித்தாள்,
'அடுத்து' என்பதை அழுத்தினாள்.

மாலையில் பஸ்ஸுக்கு வரிசை.
சிவப்புக் கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டிக்கொண்டே
என் பக்கம் வந்தாள்.
"அந்த நாய் செத்துப்போச்சு, இல்ல?"
கண்ணில் நீர் இல்லை.
உறுதி செய்துகொள்ள மட்டும் கேட்கிறாள்,
நாளைக்கு விடுமுறையா என்பதுபோல.

மூன்று கையெழுத்து.
"ஷூ லேஸைக் கட்டிக்கோ" என்றேன்.
அவள் போட்டிருந்ததோ லேஸே இல்லாத பூட்ஸ்.
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஏறிப்போனாள்.

ஜூனில் மதிப்பெண் வந்தது.
கைசாவுக்கு ஓர் எண், அதன் பக்கத்தில் ஒரு மஞ்சள் அம்பு.
ரெய்னோவுக்குப் பச்சை.
ஏரி உடைந்து படகுகள் இறங்கிவிட்டன.
அவள் இந்நேரம் எங்காவது கரையில் நின்று
எந்த நாயைப் பார்த்தாலும்
அந்த நாயை நினைப்பாளோ என்னவோ.

உங்களிடம்கூடச் சொல்லக்கூடாதுதான்.
கீழே இன்னும் ஏழு வரி இருந்தது.
நாய் பிழைத்துவிட்டது.
கரையேறி, உடம்பை உதறி,
அவன்மேலெல்லாம் தண்ணீர் தெறிக்க வைத்தது.